கைவிட்ட வேலையும் கைவிடாத தேர்ச்சியும்

(ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தாம் பாடுபட்டுத் தேடிய பொருளில் ஒரு பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி, தமக்குப் பின்னும் ஆண்டுதோறும் நாலு பேர் ஒன்றுகூடி நல்லதொரு விஷயத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று எண்ணி இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவருடைய உள்ளத்தை முதற்கண் வணங்குகிறேன். இவ்வாண்டுச் சொற்பொழிவை நகரத்து மண்டபம் ஒன்றில் நடத்தாமல் இம்மலையின் நடுவே நடத்துவது என்று அறக்கட்டளைக் குழுவினர் தீர்மானித்தது மிகவும் பொருத்தம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு வேண்டிய சான்றுகளெல்லாம் இம்மலையிலேயே இருக்கின்றன.

பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் எங்கும் கேட்கிற கேள்விகள் இரண்டு: படித்தால் வேலை கிடைக்குமா, கிடைத்த வேலை நிலைக்குமா? இவ்விரண்டும் நியாயமான கேள்விகளே. பசியை அறிந்தவர்கள் கேட்கிற கேள்விகளாதலால் அவற்றை இகழ்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இவற்றோடு சேர்ந்து நம் சமூகத்தில் ஓர் அபிப்பிராயமும் வேரூன்றிவிட்டது. ஓய்வு பெறும் வயது வரையில் ஒரே உத்தியோகத்தில் இருந்தவரை நிலையானவர் என்று போற்றுகிறோம். நடுவயதில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியவரை, கால் ஓரிடத்தில் தரிக்காதவர் என்று தள்ளுகிறோம். இந்த அபிப்பிராயம் சரிதானா, வெறும் பிழைப்பாக இருக்கும் ஒரு வேலை எந்தக் கட்டத்தில் ஒரு மனிதனுடைய வாழ்க்கைத்தொழிலாக உயர்கிறது என்பதே இன்றைய விசாரணை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையில் எத்தனை ஆண்டு இருந்தோம், அது எவ்வளவு சம்பளம் தந்தது என்பவை இதற்கு அளவுகோல் ஆகா. அந்த வேலை நம்மிடத்தில் எந்தத் தேர்ச்சியை விட்டுச் சென்றது, அதை அடுத்த வேலைக்கு நாம் எடுத்துச் சென்றோமா, நமக்குப் பின் வருகிறவர் கையில் அதை ஒப்படைத்தோமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று விடை சொல்ல முடியுமானால், இடையில் எத்தனை முறை வேலை மாறியிருந்தாலும் அது ஒரே வாழ்க்கைத்தொழில்தான்.

மலையும் அதன் பல தொழில்களும்

பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். செங்கண்மா இன்றைய செங்கம். அந்நூல் சேயாறு என்று சொல்லும் ஆறு, நம் ஜவ்வாது மலையிற் பிறந்து கீழே ஓடும் செய்யாறு. மலையில் எழும் பலவகை ஒலிகளை அந்நூலாசிரியராகிய பெருங்கௌசிகனார் அடுக்கிச் சொல்லுமிடத்தில், அருவியின் ஒலியோடும் விலங்குகளின் ஒலியோடும் கலந்து மனிதர் உழைப்பின் ஒலியும் கேட்கிறது. தேனெடுத்தவர்களின் ஆரவாரம், தினைப்புனத்தில் கிளியோட்டும் பெண்களின் குரல், தினை குற்றும் பெண்களின் பாட்டு, யானையைப் பழக்கும் பாகரின் பேச்சு, கரும்பாலையின் ஓசை, பன்றியை வெருட்டும் பறை எல்லாம் சேர்ந்து எதிரொலிக்கும் அந்த மலையில், ஒரு தொழிலை மட்டுமே நம்பி வாழ்ந்த குடி இருந்திருக்க முடியாது. மலைவாழ்க்கை என்பது அன்றும் பல தொழில்களின் கூட்டு வாழ்க்கையே.

இம்மலையில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சமவெளியை விட்டு மலையேறிய குடியானவன், ஏரிப்பாசனத்தை மறந்து, மழையை மட்டும் நம்பிச் சரிவு நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கக் கற்றிருக்க வேண்டும். காட்டில் எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தப் பாறையில் தேனடை கட்டும் என்பதையும் புதிதாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தொழில் மாறுவது இந்த நூற்றாண்டின் புதுமை என்று கருதுகிறவர்கள் இந்த மரபுச் செய்தியைக் கேட்டாவது தெளிவு பெறலாம்.

ஒரே கை, இரண்டு வேலைகள்

இன்றும் மலையில் ஒரு குடும்பம் ஓராண்டில் செய்யும் வேலைகளைக் கணக்கிட்டால் அவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கமாட்டா. முதல் மழைக்குச் சாமை விதைப்பார்கள், மழை ஓய்ந்தபின் அறுத்துக் களத்தில் சேர்ப்பார்கள், புளி உலுக்குவார்கள், கடுக்காய் பொறுக்குவார்கள், தேனெடுப்பார்கள், இவற்றால் வயிறு நிரம்பாத மாதங்களில் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் கூலிவேலைக்கு இறங்குவார்கள். இத்தனை வேலைகளில் எவை மனிதனை வளர்க்கின்றன, எவை அவனை வெறுங்கையனாகத் திருப்பி அனுப்புகின்றன என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சாமைக்களத்தில் ஒரு கிழவியைக் கவனியுங்கள். தூற்றிக் குவித்த தானியத்தில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, உமி எப்படி விலகுகிறதென்று பார்க்கிறாள். பிறகு ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடிக்கிறாள். மணி நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். சட்டென்று முறிந்தால் குற்றலாம். அதிகம் காய்ந்தால் உலக்கையடியில் அரிசி நொய்யாகும் என்பதும், காயாமல் குற்றினால் உமி விட்டுக்கொடுக்காது என்பதும் அவள் ஏட்டில் படித்தவை அல்ல. வேறொரு மூலையில் விதைக்கென்று தனியே ஒதுக்கிய கதிர்கள் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கியதும் அவளே. அந்தப் பிடித் தானியத்தில் அவளுடைய தாய் அறிந்ததும் பாட்டி அறிந்ததும் சேர்ந்திருக்கின்றன. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பேத்தியிடம் அது போய்ச் சேரவும் போகிறது. அவளுக்குச் சம்பளம் இல்லை, பதவி இல்லை, பதவி உயர்வும் இல்லை. என்றாலும் நான் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அவள் விடை சொல்லிவிடுகிறாள்.

இனி மற்றொன்றைப் பாருங்கள். காட்டில் வளர்ந்த இளைஞனுக்கு மரம் தெரியும், ஒற்றையடிப் பாதை தெரியும், சுமையோடு இரவில் மலையேறி இறங்கும் வலிமை உண்டு. இந்தத் தேர்ச்சியைத்தான் இடைத்தரகன் விலை பேசி, செம்மரம் வெட்டுவதற்கென்று ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துச் சென்றான். 2015 ஏப்ரல் 7 ஆம் நாள், சேஷாசல வனத்தில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி அம்மாநிலக் காவல்படையினர் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் ஏழை வீடுகளிற் பிறந்த பலர் அவர்களுள் இருந்தார்கள். அந்தத் துயரத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் எழும் கேள்வி ஒன்று உண்டு. அதே கை, அதே வனஞானம், அதே தைரியம், வனக்காப்பிலோ மூலிகைச் சேகரிப்பிலோ நாற்றங்கால் வளர்ப்பிலோ ஈடுபடுத்தப்பட்டிருந்தால் பத்தாண்டில் அந்த இளைஞன் என்ன ஆகியிருப்பான்? வெட்டுக்கூலியில் அவனுக்குச் சேர்ந்தது ஒன்றும் இல்லை. இலாபம் தரகனுக்கு, மரம் வெளிநாட்டுக்கு, வழக்கும் வாய்தாவும் அவனுக்கு. அவனிடமிருந்த தேர்ச்சியைச் செலவழித்துவிட்டுப் புதிதாக எதையும் தராத வேலையை, எவ்வளவு கூலி கொடுத்தாலும், வாழ்க்கைத்தொழில் என்று சொல்லத் துணியமாட்டேன்.

காவலூர் காட்டும் வழி

ஆலங்காயத்திலிருந்து மலையேறி வரும்போது காவலூரில் வானாய்வு நிலையத்தின் வெண்ணிறக் கூண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்நிலையத்தின் பூர்வகதை, தொழில்மாற்றம் பற்றிய நல்ல பாடமும் ஆகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792 இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடத்தில், 19 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் என்பவர் இளம்பருவத்திலேயே கீழ்நிலை வேலையில் சேர்ந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர்; கிரகங்களின் கதியைக் கணக்கால் அறியும் அந்த மரபுஞானத்தோடு, தொலைநோக்கியால் அறியும் புதுஞானத்தையும் அங்கே பெற்றார். படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரான அவர், 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872 இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். 1874 இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்கள் உணரும்படி இந்திய மொழிகளில் விளக்கம் எழுதினார். தொலைநோக்கியில் கண்டதற்கு இணங்கப் பஞ்சாங்கத்தைத் திருத்தவும் முயன்றார். பஞ்சாங்கத்தை விட்டுத் தொலைநோக்கிக்குப் போனவர், தொலைநோக்கியில் கற்றதைக் கொண்டு பஞ்சாங்கத்துக்கே திரும்பி வந்தார். அவர் விட்டது ஒன்றுமில்லை; சேர்த்ததே அதிகம்.

அந்தச் சென்னைக் கூடத்தின் பணி 1899 இல் கொடைக்கானலுக்குச் சென்றது. கொடைக்கானலிலிருந்து அதைக் காவலூருக்குக் கொண்டுவந்தவர் வைணு பாப்பு. 1927 இல் பிறந்த பாப்புவின் தந்தையார் ஐதராபாத்தில் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். மகன் ஹார்வர்டில் படிக்கச் சென்று, 1949 இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பாலோமார் வானாய்வு நிலையத்தில் பணிசெய்தார். தாயகம் திரும்பி உத்தரப் பிரதேச வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். 1960 இல் கொடைக்கானலுக்கு வந்தார். அங்கே சூரிய ஆராய்ச்சிக்கு வசதி இருந்தது. ஆனால் இரவில் விண்மீன்களை ஆராயத் தகுந்த தெளிந்த வானம் வேண்டியிருந்தது. தென்னகத்து மலைகளைத் தேடிப் பார்த்துக் காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1968 இல், கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியை இங்கே நிறுவினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஊர்விட்டு ஊர், பதவிவிட்டுப் பதவி மாறிய வாழ்க்கை. உள்ளே இருந்தது ஒரே லட்சியம்: இந்திய மண்ணில் நின்று வானத்தை ஆராய வேண்டும், ஆராயும் கருவியையும் நாமே செய்ய வேண்டும் என்பது.

அந்த லட்சியத்துக்குக் கிடைத்த பலன்களைச் சொல்கிறேன். 1972 இல் இங்கு வந்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கியின் வழியாக, 1977 மார்ச் 10 ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியைப் வானியலாளர்களான பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் கவனித்துக்கொண்டிருந்தபோது, கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று மங்கியதைக் கண்டார்கள். புதிய துணைக்கோள் ஒன்றோ என்று முதலில் கருதப்பட்ட அது, பிற இடங்களில் கண்டவற்றோடு ஒப்பிட்டபின் யுரேனஸைச் சூழ்ந்த வளையங்கள் என்று தெளிவாயிற்று. பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர்த் தொலைநோக்கியோ அவர் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. 1982 இல் அவர் காலமானார். அதன் பெரிய ஆடி, பெங்களூர்ப் பட்டறையில் தேய்த்து மெருகிடப்பட்டது. அதைத் தாங்கும் இரும்பு அமைப்பை, சர்க்கரை ஆலைகளுக்கு இயந்திரம் செய்து பெயர் பெற்ற வால்சந்த்நகர்த் தொழிற்சாலையார் செய்தார்கள். கரும்பு பிழியும் இயந்திரம் செய்த கைகள் விண்மீனைத் தொடரும் இயந்திரத்தையும் செய்தன. 1986 ஜனவரி 6 ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒருவர் போனபின்னும் அவருடைய பணி மற்றவர் கையில் தொடர்ந்து நிறைவேறியதே, அவர் செய்தது வெறும் உத்தியோகம் அன்று என்பதற்குப் போதிய சாட்சி.

இம்மலையிலிருந்தே 1988 இல் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நம் விசாரணைக்கு மற்றொரு நுட்பத்தைத் தருகிறது. கணிதமேதை ராமானுஜன் 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். அந்த எழுத்தர் வேலை அவருடைய வாழ்க்கைத்தொழில் அன்று. ஆயினும் அது அவருக்கு உணவு தந்தது, ஓய்வு தந்தது, நாராயண ஐயர் போன்ற கணிதம் அறிந்த மேலதிகாரியின் ஆதரவைத் தந்தது. தானே வாழ்க்கைத்தொழிலாக உயராவிட்டாலும், உயரவேண்டிய ஒன்றுக்கு நிழல் தந்து காக்கும் வேலைகளும் உலகில் உண்டு. அப்படிப்பட்ட வேலையைச் சிறிது காலம் பார்ப்பவரை, தகுதிக்குக் குறைந்த வேலையில் கிடக்கிறார் என்று யாரும் பழிக்கலாகாது.

அச்சுக்கோத்த கை

ஏழைவீட்டுப் பிள்ளைகளின் மனத்தில் நிற்கவேண்டிய மற்றொரு வரலாறு, சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானத்தினுடையது. 1906 இல் சென்னையில் பிறந்து, பள்ளிப்படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ள நேர்ந்த அவர், நெசவு செய்தார். பிறகு அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோப்பவரானார். ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைத்த பெட்டியின் முன் நின்று, கையெழுத்துப் படியை ஒரு கண்ணால் பார்த்து, தலைகீழாகத் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்கும் வேலை அது. கூலிக்குச் செய்பவனுக்கு அது விரல் நோகும் வேலை; சிவஞானத்துக்கு அது பள்ளிக்கூடம். பிறர் எழுதிய வாக்கியத்தை எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தவருக்கு, மொழியின் கட்டுமானம் விரல் நுனியில் பதிந்துவிட்டது. பின்னர் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். தமிழரசுக் கழகம் கண்டார். சிலப்பதிகாரத்தைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பினார். 1966 இல் சாகித்திய அகாதமி விருதையும் பெற்றார். நெசவு, அச்சு, அரசியல், இலக்கியம் என்று வெளியே நான்காகத் தோன்றுவது, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய ஒரே கட்டடம்.

சமூகத்தின் கடமை

இத்தனையும் கேட்டபின் ஒருவர் எழுந்து, “ஐயா, தேர்ந்தெடுக்க வழியுள்ளவனுக்கு இது சரி; அன்றாடம் காய்ச்சுகிறவன் கிடைத்ததைச் செய்யத்தானே வேண்டும்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தனிமனிதனுடைய முயற்சியால் மட்டும் வேலை வாழ்க்கைத்தொழிலாக உயர்ந்துவிடாது. ரகுநாதாச்சாரியார் ஏறுவதற்கு ஒரு கூடம் இருந்தது. ராமானுஜனுக்கு ஓர் ஆதரவாளர் இருந்தார். சிவஞானத்துக்கு அச்சுக்கூடம் இருந்தது. ஏறுவதற்குப் படியே இல்லாத இடத்தில் ஒருவனைப் பார்த்து ஏறவில்லையே என்று குறை சொல்வது அநீதி. பத்தாண்டு வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளி பதினோராம் ஆண்டும் முதல்நாட் கூலியிலேயே நிற்கிறான் என்றால், குற்றம் அவனுடையது அன்று.

படி அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் இம்மலை சான்று தந்திருக்கிறது. இம்மலைப் பகுதியின் மலையாளி வகுப்பிற் பிறந்த ஸ்ரீபதி என்னும் இளம்பெண், சட்டம் படித்து, குழந்தை பெற்ற சில நாளிலேயே சென்னைக்குச் சென்று தேர்வெழுதி, தம் 23 ஆம் வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்ச்சி பெற்ற செய்தி 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அந்தச் செய்தியால் நாம் பூரித்தோம், பூரித்ததோடு நிற்கலாகாது. அவருக்குப் பின்னே நிற்கும் நூறு பெண்களுள் எத்தனை பேர் பள்ளி முடித்ததும் சாலை வசதியும் விடுதி வசதியும் இல்லாமல் நின்றுவிடுகிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

சாமைக்கும் இதுவே நீதி. உமி நீக்கும் இயந்திரம் மலைமேலேயே இயங்கி, அதை இயக்கவும் பழுது பார்க்கவும் தரம் பிரிக்கவும் கணக்கெழுதவும் மலைப்பெண்கள் பழகினால், உலக்கை பிடித்த கை கணக்குப் புத்தகம் பிடிக்கும். ஆனால் மணியைக் கடித்து ஈரம் அறியும் தேர்ச்சி வீணாகாது. கொள்முதலில் அதுவே முதல் தரச்சோதனையாக நிற்கும். பழைய ஞானத்தைத் தூக்கியெறியாமல் புதிய ஊதியமாக மாற்றித்தரும் இத்தகைய வேலைகளே மலைக்கு வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எந்த வேலையிற் சேர்ந்தாலும், சேர்ந்த ஓராண்டுக்குப் பின், நேற்றுத் தெரியாத எது இன்று எனக்குத் தெரிகிறது என்று உங்களையே கேளுங்கள். விடை இருக்குமானால் சம்பளம் சிறிதானாலும் பொறுத்திருங்கள். விடை இல்லையானால், அந்த வேலை உங்கள் மற்றொரு முயற்சிக்கு நிழலாகவாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், மாறுவதற்கு வெட்கப்படாதீர்கள். மாறும்போது கற்றதை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அறக்கட்டளைக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் உதவித்தொகைகளெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கே போகின்றன. முப்பது வயதில், நாற்பது வயதில், செய்த வேலை கைவிட்டபின் வேறொன்றைக் கற்க விரும்புகிறவனுக்கு உதவ யாரும் இல்லை. தரகன் வந்து கதவைத் தட்டுவது அவன் வீட்டில்தான். இவ்வறக்கட்டளையின் ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கை, வயதுவரம்பின்றி, இரண்டாம் முறையாகத் தொழில் கற்க வரும் மலைமக்களுக்கென்று ஒதுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். ஆடி மெருகிடவோ, இயந்திரம் பழுது பார்க்கவோ, செவிலியர் பணிக்குப் பயிலவோ, விட்ட பள்ளிப்படிப்பைத் தொடரவோ அவர்கள் அதைப் பயன்படுத்தட்டும். முதல் வாய்ப்பைத் தவறவிட்டவர்க்கு அடுத்த வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுக்கும் சமூகத்தில்தான் வேலைகள் வாழ்க்கைத்தொழில்களாக மலரும். குழுவினர் இதை ஆலோசித்து, அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன் ஒருவருக்கேனும் அந்த உதவியை வழங்கத் தீர்மானிப்பார்களானால், இன்று நான் பேசியதற்கு அதுவே போதிய பலனாகும்.